ஷூவின் மூக்கில் ஒருத்தி

கருப்புத் தோல் வெளிச்சத்தைத் தின்னும்.
எவ்வளவு போட்டாலும்
இன்னும் கொண்டா என்று உட்கார்ந்திருக்கும்
பந்தியில் கடைசி இலைக்காரன் மாதிரி.

ஆம்பூரில், பைபாஸுக்கு இந்தப் பக்கம்
இரண்டு மாடி ஏறினால் ஜுபேர் பாய் பட்டறை.
ஆறு வருஷம் அங்கே மேல்தோல் தைத்தேன்.
கழுத்து போனது.
"ஒன் போன்ல படம் நல்லா விழுதும்மா" என்று
ஷூவைப் படம் பிடிக்கிற வேலைக்கு
மாற்றிவிட்டார்.

வெளிச்சத்தைத் திருப்புகிற வட்டத்தட்டு
கடையில் ஆயிரத்து எண்ணூறு.
"ஒரு ஜோடியே அந்த வெலைக்குப் போவல" என்றார்.
சரி.

கீழே பிரியாணிக் கடையில்
பார்சல் மடிக்கும் வெள்ளித்தாள், உருளையில் கால்வாசி.
கேட்டேன். கொடுத்தார்கள், லேசாகப் பட்டை மணத்தோடு.
ஷூ பெட்டியின் மூடிகள் ஆறு.
பட்டறையில் பசைக்கா பஞ்சம்.
துணி கிளிப் நாலு என் வீட்டுக் கொடியிலிருந்து;
அன்றைக்குக் காற்றில்
மாமியாரின் பாவாடை ஒன்று எங்கேயோ போனது.

இழுத்து, நீவி, கண்ணாடி போல ஒட்டியிருந்தேன்.
அதுதான் தப்பு.
வெளிச்சம் கத்தியாய் வந்து
ஷூவின் நடுவில் ஒரு வெட்டு வெட்டியது.
என்ன கோணத்தில் சாய்த்தாலும் வெட்டு.

சாப்பாட்டு நேரத்தில் பவுலினா
பார்க்காமல் அதன் மேல் உட்கார்ந்துவிட்டாள்.
எழுந்தால் ஆயிரம் சுருக்கம்.
இரண்டு நாள் வேலை.
நான் அவளோடு பேசவில்லை.
கோபத்தோடேயே அதைத் தூக்கிப் பிடித்தேன்,
மூன்று மணி ஜன்னலுக்கு எதிரே.
வெளிச்சம் வழி தெரியாமல் சிதறி
மெத்தென்று போய்
தையல் தையலாக உட்கார்ந்தது.
பவுலினாவுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.
மற்ற ஐந்தையும்
அவளையே உட்காரச் சொன்னேன்.

பதினோரு மாடல் அனுப்பினோம்.
கோயம்புத்தூர் கடைக்காரர் எழுதினார்:
படம் பிரமாதங்க. ஆனா
அந்தக் கருப்பு ஷூ மூக்குல
ஒரு பொம்பளை நிக்கறாங்களே.

பெரிதாக்கிப் பார்த்தேன்.
ஆரஞ்சு சுடிதார்.
போனைத் தூக்கின இரண்டு முழங்கை.
வளைவுக்குத் தக்கபடி அகலமான வயிறு.
தலைக்குப் பின்னால் ஜன்னல்,
ஜன்னலில் அரை விரல் வானம்.

ஆறு வருஷம். நாளைக்கு எண்பது ஜோடி.
நான் தைத்த எதிலும் நான் தெரிந்ததில்லை.

அப்புறம்தான் உறைத்தது.
கருப்புக்கென்று தனியாக முகமில்லை,
எதிரே நிற்பதைத்தான் அது போட்டுக்கொள்ளும்.
இவ்வளவு நாள் நான் பிடித்ததும் ஷூவை இல்லை,
ஷூவில் விழுந்த அட்டை மூடியை.
அப்படியானால்
நானும் மூடியாகிவிட வேண்டியதுதான்.

வீட்டிலிருந்து வெள்ளைப் போர்வை.
போனுக்கு மட்டும் ஒரு ஓட்டை கிழித்து
தலையோடு போர்த்திக்கொண்டேன்.
"இன்னாடி இது,
ஈஸ்டர் நாடகத்துத் தூதனாட்டம்!"
பவுலினா சிரித்ததில்
கையிலிருந்த தட்டு ஆடியது.
"ஆட்டாதக்கா."
உள்ளே வேர்வை, என் மூச்சின் சூடு,
ஓட்டைக்கு வெளியே
மூக்கின் ஓரம் வழிந்திறங்கும்
ஒரே ஒரு வெள்ளைக் கோடு.

இப்ப சரிங்க என்று பதில் வந்தது.
ஆள் போய்விட்டதாக நினைத்துக்கொண்டார்.

ஐந்தரைக்குப் பேரணாம்பட்டு பஸ்
பாலாற்றுப் பாலத்தில் ஏறும்.
சாய்ந்த வெயிலை மணல் வாங்கி
கீழேயிருந்து திருப்பிப் போட
கம்பி பிடித்து நிற்கிறவர்கள் எல்லாருக்கும்
தாடை தெரிந்தது,
கண்ணுக்குக் கீழே குழி மறைந்தது.
கண்டக்டர்கூட அழகாக இருந்தார்.
எடுத்தால் இப்போது எடுக்க வேண்டும் என்று
பைக்குள், போர்வைக்கு அடியில்
போனைத் தேடுவதற்குள்
லாரிகள் அள்ளிப்போன பள்ளம் வந்தது,
தோல் கழுவின தண்ணீர் தேங்கி, கருப்பாய்.

வரிசையாக
எல்லா முகமும் அணைந்தது.